வானத்தை நிறுக்கும் தராசு

புறக்கோட்டைக் கடைத்தெருவில் பருப்பு வாங்கச் செல்வோர் முதலில் நோக்குவது தராசின் முள்ளையே. வெறுந்தட்டிலேயே முள் சாய்ந்திருப்பின் நிறுப்பதெல்லாம் பிழையாகும். வானத்துக் கதிர்களை அளக்கும் விஞ்ஞானிகளுக்கும் இதே கவலை உண்டு.

வெடித்துச் சிதறிய விண்மீன்களின் எச்சங்களிலிருந்து காமாக் கதிர்கள் வருகின்றன. அவை நிலத்தை எட்டுவதில்லை. வளிமண்டலத்தில் மோதி, துணிக்கைகளை மழைபோற் பொழிவிக்கின்றன. காற்றில் ஒளி செல்லும் வேகத்தையும் விஞ்சும் அத்துணிக்கைகள் மங்கலான நீலவொளியை உமிழ்கின்றன. இவ்வொளியைக் கண்டறிந்த செரன்கோவ் 1958 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரு செக்கனை நூறு கோடி கூறாக்கினால், அவற்றுட் சில கூறுகளே இம்மின்னலின் ஆயுள்!

உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1969 ஆம் ஆண்டளவில், தேடுவிளக்குக் கண்ணாடிகளைக் கொண்டு இம்மின்னலைத் தேடத் தொடங்கினர். இன்றோ லடாக்கின் ஹான்லேயில், ஏறத்தாழ 4,270 மீற்றர் உயரத்தில், 21 மீற்றர் விட்டமுடைய 'மேஸ்' தொலைநோக்கி நிற்கின்றது. 2024 ஒக்டோபர் 4 ஆந் திகதி திறந்துவைக்கப்பட்ட அதன் கமராவில் 1,088 ஒளிப்பெருக்கிக் குழாய்கள் உள்ளன.

இத்தனை குழாய்களும் ஒரே தன்மையன ஆகுமா? ஒரே அளவு ஒளிக்கு ஒன்று மிகுத்துக் காட்டும். மற்றொன்று குறைத்துக் காட்டும். இவ்வேற்றுமையை நீக்குவதற்கே கணினிச் செய்நிரல்கள் எழுதப்படுகின்றன. மின்னல் இல்லாதபோதும் குழாய் காட்டும் சிற்றளவை அவை முதலிற் கழிக்கின்றன. பின்னர், கமரா முழுவதிலும் சீராகப் பாய்ச்சிய விளக்கொளியைக் கொண்டு குழாய்களை ஒருநிலைப்படுத்துகின்றன.

ஆடியில் தூசி படிந்தால் என் செய்வது? அதற்கு வானமே படிக்கல் தருகின்றது. மியூவோன் என்னும் துணிக்கை ஆடியருகே விழும்போது, கமராவில் ஒளிவளையம் தோன்றும். அவ்வளையத்தில் எவ்வளவு ஒளி இருத்தல் வேண்டும் என்பதைக் கணக்கிட்டு அறியலாம். அதனிற் குறைந்தால், ஆடி மங்கிவிட்டது என்று தெளியலாம். இச்சோதனை இல்லையேல், ஆடியின் மங்கலை விண்மீனின் மங்கல் என உலகுக்கு அறிவித்துவிட நேரும்!

இறுதியாக, 1054 இல் வெடித்துத் தோன்றிய விண்மீனின் எச்சமாகிய நண்டு நெபுலாவை அளந்து சரிபார்ப்பர். 1989 இல் அரிசோனாவின் விப்பிள் தொலைநோக்கி அதன் உயர்சக்திக் காமாக் கதிர்களை உறுதிசெய்தது. அன்றுதொட்டு அதுவே இத்துறையின் அளவுகோல்.

ஸ்பெயினுக்குரிய லா பால்மாத் தீவிலும் சிலி நாட்டிலும் அமையும் செரன்கோவ் தொலைநோக்கி அணிக்கென எழுதப்படும் 'சிடிஏபைப்' என்னும் செய்நிரல் எவரும் இலவசமாகப் பெறக்கூடியது. பைதன் மொழியில் அமைந்தது. பெளதிகமும் கணினியும் பயிலும் நம் மாணவர் அதனை வீட்டிலிருந்தே கற்கலாம். புதியதைக் காண விழைவோர், காணும் கருவியை ஐயுற முதலிற் பழகுதல் வேண்டும்.