கொப்புளம் ஆறிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

பெம்பிகஸ் வல்காரிஸ் நோயில் வாய்ப்புண் மாதக்கணக்கில் ஆறாது. தோலில் எழும் கொப்புளம் லேசாக உரசினாலே உடையும். ஸ்டீராய்டு கொடுத்தால் புண்கள் ஆறத் தொடங்கும். ஆனால் அதை நெடுநாள் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும், தொற்று எளிதில் பற்றும். அதனால் தோல் தெளிந்ததுமே நோயாளி கேட்பது, எப்போது நிறுத்தலாம் என்பதைத்தான்.

2008-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வகுத்த வரையறைப்படி, மருந்துகளை எல்லாம் நிறுத்திய பிறகும் குறைந்தது 2 மாதம் புண்ணே இல்லாமல் இருந்தால் அது முழுத் தணிவு. கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய அளவுகோல் இது. ஆனால் நிறுத்துவதற்கு முன்பே, நோய் திரும்புமா என்று கணிக்க ஆய்வகம் தேவைப்படுகிறது.

ரத்தம் சொல்வது

மேல்தோல் செல்களைப் பிணைத்து வைப்பவை டெஸ்மோகிளீன் 1, 3 என்ற புரதங்கள். கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் இந்நோயில் அந்தப் புரதங்களையே தாக்குகின்றன. பிணைப்பு விட்டுப்போய், இடைவெளியில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. இந்த எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கின்றன என்பதை எலைசா பரிசோதனை எண்ணாகத் தருகிறது.

அந்த எண்ணைப் படிப்பதில்தான் சிக்கல். டெஸ்மோகிளீன் 1 எதிர்ப்பொருளின் அளவு பெரும்பாலும் தோலின் நிலையை ஒட்டியே ஏறி இறங்கும். டெஸ்மோகிளீன் 3 அப்படியல்ல. புண் முழுதும் ஆறிய சிலருக்கும் அது உயர்ந்தே நிற்கும். புரதத்தில் ஒட்டும் எதிர்ப்பொருள்களை எல்லாம் எலைசா சேர்த்தே கணக்கிடுகிறது. அவற்றில் பிணைப்பை உடைக்காதவையும் உண்டு. எனவே ஒரே ஒரு அறிக்கையை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஒரே ஆய்வகத்தில் எடுத்த பல அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் போக்கு தெரியும்.

தோல் சொல்வது

தோலில் எதிர்ப்பொருள் படிந்திருக்கிறதா என்பதை நேரடி இம்யூனோஃப்ளோரசன்ஸ் காட்டும். சிறு துண்டுத் தோலை எடுத்து, ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெம்பிகஸ் இருந்தால் செல்களைச் சுற்றி மீன்வலை போன்ற பச்சைக் கோடுகள் தெரியும். வழக்கமான பயாப்சி போல ஃபார்மலினில் போட்டால் இந்தச் சோதனை வீணாகும். மாதிரிக்குத் தனித் திரவம் உண்டு. தோலை வெட்டாமல், பிடுங்கிய தலைமுடியின் வேர் உறையிலும் இதைப் பார்க்க முடியும். சோதனை நெகடிவ் என்றால் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. பாசிடிவ் என்றால் மருந்தை இன்னும் மெதுவாகக் குறைப்பார்கள்.

முதியவர்களிடம் அதிகம் காணப்படும் புல்லஸ் பெம்பிகாய்டு என்ற மற்றொரு கொப்புள நோயில் எதிர்ப்பொருள்களின் முக்கிய இலக்கு பிபி180 என்ற புரதம். சிகிச்சையை நிறுத்தும் வேளையில் அதற்கான எதிர்ப்பொருள் மிகுந்திருந்தாலோ, தோல் சோதனை பாசிடிவாக இருந்தாலோ நோய் திரும்பும் அபாயம் கூடுதல்.

முடிவு யார் கையில்?

தோல் தெளிவாக இருக்கும்போது, எண் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்தைக் கூட்டுவதில்லை. ஆனால் மறுபரிசோதனையை நெருக்கமாக வைப்பார்கள். எண் நன்றாக இருக்கிறது என்று ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. நெடுநாள் வேலையின்றி இருந்த அட்ரினல் சுரப்பி மீள அவகாசம் வேண்டும். அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பழைய அறிக்கைகளைத் தேதி வாரியாகக் கோத்து வைத்திருங்கள். வாயில் புதிதாகப் புண் கண்டால், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.