வைப்புமுறையும் இயைபும்: கணினிக் கருவிகளின் துயிலும் எழுச்சியும்

தொல்காப்பியத்துக்கு உரை கண்ட பெரியோர் ஓர் இயலைத் தொடங்குமிடத்து, அது முன்னியலின் பின்னர் வைக்கப்பட்டமைக்கு இயைபு என்னை என ஆராய்ந்து கூறுதலைப் பலவிடத்தும் காண்கிறோம். நன்னூலாரும் முப்பத்திரண்டு உத்திகளுள் ஓத்துமுறை வைப்பினை ஒன்றாக எண்ணினார். முறை என்பது ஒன்று. அம்முறைக்குரிய காரணம் மற்றொன்று. முறை கண்ணுக்குப் புலனாகும், இயைபு உய்த்துணரற்பாலது. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்வதால் வரும் இடர்ப்பாடு இலக்கணத்தார்க்கு மட்டும் உரியதன்று. கணினி இயங்குதளங்களை வகுப்போரும் இதனுள் அகப்பட்டனர். லினக்சு என்னும் இயங்குதளத்தின் வளர்ச்சி இதற்குத் தக்க சான்றாகும்.

இயங்குதளத்தின் நடுப்பகுதியைக் கெர்னல் என்பர். ஈண்டு அதனை உட்கரு என்போம். விசைப்பலகை, திரை, சேமிப்பு வட்டு முதலாய கருவிகள் யாவும் அதன் ஆணைவழி நிற்பன. மடிக்கணினியை மூடியவுடன் உட்கரு இவற்றை முறையே துயில்விக்கும், திறந்தவுடன் எழுப்பும். எதனை முற்படத் துயில்விப்பது என்பதே வினா. யூ.எஸ்.பி. கட்டுப்பாட்டுக் கருவி முன்னர்த் துயின்றுவிடின், அதன்வழி இணைந்த பென்டிரைவுக்குச் செல்லவேண்டிய செய்தி வழியின்றி இடையில் நிற்கும். எழுதிய தரவு கெடுதலும், பொறி மீண்டும் எழாது மயங்கிக் கிடத்தலும் இதனால் விளையும். பல நாள் உழைத்த ஆய்வேட்டைக் கணினியில் வைத்திருக்கும் மாணவர்க்கு இதன் அருமை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதற்கு உட்கரு கண்ட வழி எளியது. ஒவ்வொரு கருவியும் பதிவு செய்யப்படுங்கால் ஒரு பட்டியலின் இறுதியில் சேர்க்கப்படும். தாய்க்கருவி பதிவான பின்னரே அதன் சேய்க்கருவி பதிவாகும். ஆகலின் பட்டியலில் தாய் முன்னும் சேய் பின்னும் நிற்றல் தானே அமையும். துயில்விக்குங்கால் இறுதியினின்று முதல் நோக்கியும், எழுப்புங்கால் முதலினின்று இறுதி நோக்கியும் செல்லின் போதும். நிரனிறையும் எதிர்நிரனிறையும் ஒரே வரிசைக்கண் அமைந்தாற் போல்வது இது.

நிற்க. பொருத்தப்பட்ட இடத்தால் தாயாவது வேறு. வாழ்வுக்கு வேண்டுவதைக் கொடுப்பது வேறு. கைப்பேசியின் தொடுதிரை ஒரு செய்தித்தடத்தின் சேயாகப் பதிவாகியிருக்கும். ஆயின் அதற்கு மின்னாற்றல் தருவது பிறிதொரு தடத்தில் உள்ள மின்சீராக்கியாக இருத்தல் கூடும். மின்சீராக்கி தொடுதிரைக்குத் தாயன்று. எனினும் அது முன்னர்த் துயின்றால் தொடுதிரை செயலற்றுப் போம். இத்தகைய கொள்வினை கொடுப்பினையைத் தாய்சேய் முறை அறியாது. பதிவு வரிசை தற்செயலாக ஒத்திருக்கும்வரை தீங்கு வெளிப்படவில்லை, அவ்வளவே.

2010ஆம் ஆண்டில் வெளிவந்த 2.6.34 பதிப்பு இக்குறையை மிகுவித்தது. காலத்தைக் குறைத்தற்பொருட்டுக் கருவிகளை ஒருங்கே துயில்விக்கவும் எழுப்பவும் அதில் வழி செய்யப்பட்டது. அவ்வழியிற் செல்லும் கருவிகளுள் தாய் தன் சேய்களுக்காகக் காத்திருக்கும், பிறவற்றுக்குக் காத்திராது. வரிசை என்னும் திரை விலகவே, இயைபு எங்கும் எழுதப்படாமை வெளிப்பட்டது. 2017இல் வந்த 4.10 பதிப்பே இதற்கு மருந்து கண்டது. கொடுக்கும் கருவி இன்னது, கொள்ளும் கருவி இன்னது என வெளிப்படக் கூறும் இணைப்பு அதில் அமைந்தது. இணைப்பு ஏற்பட்டவுடன் கொள்ளும் கருவியும் அதனைச் சார்ந்தவை யாவும் பட்டியலின் இறுதிக்கு நகர்த்தப்படும். ஒன்றையொன்று சுற்றிச் சார்ந்து நிற்குமாறு இணைக்கப் புகின் உட்கரு அதனை ஏற்காது. (கொடுப்பதனை 'வழங்கி' எனலாமே எனின், அச்சொல் சர்வருக்கு உரியதாய் நிலைபெற்றுவிட்டது; கொடுப்பது, கொள்வது என்பனவே தெளிவுடையன.)

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். விருதுநகர் மாவட்டத்தார்க்கு அஃது இயல்பாகவே எழும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிப் பட்டாசாலைகளில் மருந்து கலக்கும் அறை, குழாயில் மருந்து செலுத்தும் அறை, உலர்த்தும் மேடை, பெட்டியிடும் அறை என்பன தனித்தனியே இடைவெளிவிட்டு அமைந்திருக்கும். மாலையில் பணி முடிக்குங்கால் முதலில் நிற்க வேண்டுவது கலக்கும் அறையாகும். அதாவது, கொடுப்பது முன்னும் கொள்வது பின்னும் அடங்கும். உட்கருவிலோ கொள்வது முன்னர் அடங்குகிறது. இஃது முரணன்றோ எனின், அன்று. அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த மருந்து ஈரம்பட்டால் தானே வெப்பமுற்றுத் தீப்பற்றும் தன்மையது. அதனை இரவில் எஞ்சவிடலாகாது. கலப்பதை முன்னர் நிறுத்தினாலன்றிக் கலந்தது தீராது. போர்மேன் முதற்கண் நிறுத்துவது வரத்தை, கருவியை அன்று.

உட்கருவும் இங்ஙனமே செய்கிறது என்பது பலர் நோக்காத செய்தி. துயில்விக்கும் முன்னர்ப் பயனர் நிரல்கள் யாவற்றையும் அஃது உறையச் செய்யும். புதுவேலை வருதல் அதனால் நிற்கும். அதன்பின் ஆயத்தம் என்னும் கட்டம் நிகழும். இக்கட்டம் தாயினின்று சேய் நோக்கி, மேலிருந்து கீழாகவே செல்லும். ஆயத்தமான தாயின்கீழ்ப் புதிய சேய் பதிவாதல் கூடாது என்பதே அதன் கருத்து. வரத்து இவ்வாறு அடைபட்ட பின்னரே கீழிருந்து மேலாகத் துயில்வித்தல் தொடங்கும். ஆகவே வரத்தை அடைக்கும் முறை நேர்முறை. சார்பை அவிழ்க்கும் முறை எதிர்முறை. ஆலையிலும் வரத்து நின்றபின் மின்னிணைப்பை அணைக்கும் வரிசையை நோக்கின், விளக்கும் பொறியும் முன்னர், தலைமை விசை பின்னர் என்பது காணலாம்.

இன்னும் ஒன்று. துயில்விக்குங்கால் யாதேனும் ஒரு கருவி இயலாது என மறுக்குமாயின், உட்கரு முயற்சியைக் கைவிட்டு, அதுவரை துயின்றவற்றை எழுப்பிப் பழைய நிலைக்கு மீளும். இம்மீட்சியும் எழுப்பும் முறையையே பின்பற்றும். கொடுப்பது எழாமுன் கொள்வது எழாது. இணைப்பினைக் கூறுதல் முன்னர்க் கருவியின் இயக்கியை எழுதுவோர் பொறுப்பாக இருந்தது. அவர் கூறாதொழிந்தால் உட்கருவுக்கு அதனை அறியும் வழியில்லை. பின்வந்த பதிப்புகளில், வன்பொருளின் அமைப்பைக் கூறும் விவரிப்புக் கோப்பினைப் படித்து, இன்ன கருவி இன்னதைச் சார்ந்தது என உட்கருவே பெரும்பாலும் வகுத்துக்கொள்கிறது. அவ்விவரிப்பில் எழுதப்படாத சார்பு மட்டும் இன்றும் எழுதுவோர் கையிலேயே உள்ளது.