‘மெயில் அனுப்பிட்டோமே... வரலையா?’ – சர்வர் அட்மின்களுக்கு ஏன் வேண்டும் ஒரு பொதுக் குறிப்பேடு?

திங்கட்கிழமை காலை. ‘ஆஃபர் லெட்டர் வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டோமே’ என்கிறது நிறுவனம். ‘எனக்கு எதுவும் வரலை, ஸ்பேம்லயும் பாத்துட்டேன்’ என்கிறார் வேலைக்காகக் காத்திருப்பவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். மெயில் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டியவர், அந்த அலுவலகத்தில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஒரு அட்மின்.

இதே சிக்கலை வேறொரு ஊரில் இன்னொரு அட்மின் போன மாதமே தீர்த்திருக்கலாம். ஆனால், அந்தத் தீர்வு அவர் மண்டைக்குள்ளேயே இருக்கிறது. அவர் வேலை மாறினால் அதுவும் அவரோடு போய்விடும். இந்த அனுபவங்களை எல்லோருமாகச் சேர்ந்து ஒரே இடத்தில் எழுதிவைப்பதுதான் ‘நாலெட்ஜ் பேஸ்’.

மெயிலில் அப்படி என்ன சிக்கல்?

மெயிலைக் கடத்தும் எஸ்எம்டிபி விதிமுறை 1982-ல் வெளியானது. அனுப்புபவர் உண்மையிலேயே அவர்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. யார் பெயரில் வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாம். இந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் வந்தவை மூன்று:

* எஸ்பிஎஃப்: நம் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல்.
* டிகேஐஎம்: ஒவ்வொரு மெயிலிலும் போடப்படும் டிஜிட்டல் கையெழுத்து.
* டிமார்க்: இந்தச் சோதனைகளில் தோற்ற மெயிலை என்ன செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு.

ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயில்களோ அதற்கு மேலோ அனுப்புவோருக்கு, இந்த மூன்றும் 2024 பிப்ரவரி முதல் கட்டாயம். அதைவிடக் குறைவாக அனுப்புவோருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

தேடினா கிடைக்காதா?

கிடைக்கும். ஆனால், தவறான பதிலும் சேர்ந்தே கிடைக்கும். எஸ்பிஎஃப் பதிவின் கடைசியில் ‘மைனஸ் ஆல்’ என்று போட்டால், பட்டியலில் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று பொருள். ‘பிளஸ் ஆல்’ என்று போட்டால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் நம் பெயரில் அனுப்பலாம் என்று பொருள்! பிழைச் செய்தி மறைந்துவிடும். வாசல் கதவு திறந்து கிடக்கும்.

சரியான பதிலும் சீக்கிரம் பழசாகிவிடும். 2023 டிசம்பர் 18 அன்று ‘எஸ்எம்டிபி ஸ்மக்ளிங்’ என்ற தாக்குதல் முறை வெளியில் வந்தது. ஒரு மெயில் எங்கே முடிகிறது என்பதை வெவ்வேறு சர்வர்கள் வெவ்வேறு விதமாகப் புரிந்துகொண்டன. அந்த இடைவெளியில் போலி மெயில் ஒன்றை நுழைக்க முடிந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளுக்கு முதலில் தற்காலிகத் தீர்வு வந்தது. சில நாட்களில் புதிய பதிப்பு வந்தது. ஜனவரியில் அதுவும் மேம்படுத்தப்பட்டது. ஆக, தேதி போடாத குறிப்பைப் படித்தவருக்கு, தான் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்றே தெரியாது.

எப்படி உருவாக்குவது?

1. பிழைச் செய்தியையே தலைப்பாக வையுங்கள். நள்ளிரவில் சர்வர் மக்கர் பண்ணும்போது, அட்மின் அதைத்தான் காப்பி செய்து தேடுவார். 4-ல் தொடங்கும் எண் என்றால் தற்காலிகத் தடை, சர்வர் மறுபடி முயலும். 5-ல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு.

2. சிக்கல், காரணம், தீர்வு, சரியானதை உறுதிசெய்த விதம் – இந்த நான்கும் ஒவ்வொரு குறிப்பிலும் இருக்கட்டும். தீர்வு சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும் எழுதுங்கள்.

3. மென்பொருளின் பதிப்பு எண், கடைசியாகச் சோதித்த தேதி இரண்டும் கட்டாயம். எழுதியவரைத் தவிர இன்னொருவரும் சோதித்திருந்தால் இன்னும் நல்லது.

4. ரகசியம் காப்பாற்றுங்கள். லாக் ஃபைலை அப்படியே ஒட்டினால் வாடிக்கையாளர்களின் முகவரிகளும் வெளியே போய்விடும். பாஸ்வேர்டு, டிகேஐஎம் தனிச்சாவி எதுவும் இருக்கவே கூடாது. உதாரணம் காட்டுவதற்கென்றே ‘எக்ஸாம்பிள்.காம்’ டொமைனும் 192.0.2 என்று தொடங்கும் ஐபி முகவரிகளும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துங்கள்.

5. குறிப்பேட்டை அதே மெயில் சர்வரில் வைக்காதீர்கள். சர்வர் படுத்தால் மருந்துச்சீட்டும் சேர்ந்து படுத்துவிடும்!

அந்த ஆஃபர் லெட்டர்?

திரும்பி வந்த மெயிலில் ‘550 5.7.26’ என்று இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அனுப்புநரை உறுதிசெய்ய முடியவில்லை என்று ஜிமெயில் சொல்லும் எண் அது. குறிப்பேட்டில் தேடினால், ‘எஸ்பிஎஃப் சோதனையில் 10 டிஎன்எஸ் தேடல்கள் வரைதான் அனுமதி. புதுசா ஏதாவது சேவையைச் சேர்த்தீங்களான்னு பாருங்க’ என்று யாரோ எழுதியிருப்பார். போன வாரம்தான் ஹெச்ஆர் டீம் புது ஆப் ஒன்றைச் சேர்த்தது நினைவுக்கு வரும். தேவையில்லாத பழைய சேவைகளை நீக்கினால் எஸ்பிஎஃப் மறுபடி வேலை செய்யும். டிகேஐஎம் கையெழுத்து இல்லாததும் அப்போதுதான் கண்ணில் படும்; அதையும் சேர்த்துவிடலாம்.

மதியத்துக்குள் ஆஃபர் லெட்டர் போய்ச் சேர்ந்துவிடும். அதன் பிறகு அந்த அட்மின் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது: இன்றைய தேதியைப் போட்டு, அந்தக் குறிப்பின் கீழே இரண்டு வரி எழுதுவது.