துடுப்பும் மின்சாரமும்

கயாக் என்னும் சிறு படகு வடதுருவப் பிரதேசத்து இனுயிட் மக்களின் சிருஷ்டியாகும். மரம் வளராத அந்நாட்டில், கடல் ஒதுக்கிய கட்டைகளையும் எலும்பையும் சட்டமாகக் கட்டி, ஸீல் பிராணியின் தோலைப் போர்த்தி, வேட்டைக்குச் செல்பவனுடைய உடலையே அளவாகக் கொண்டு அதைச் செய்தார்கள். அதற்கு இருந்த யந்திரமெல்லாம் இரண்டு கரங்களும் ஒரு துடுப்புமே.

இன்று அமெரிக்க ஏரிகளில் மீன் பிடிப்போர் பலர், பிளாஸ்டிக்கினாலான கயாக்கில் மின்சார மோட்டாரைப் பொருத்திக்கொள்கிறார்கள். இது சோம்பேறிகளின் வேலையென்று பரிகசிப்போர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. தூண்டிலைப் பிடித்த கை துடுப்பையும் பிடிக்க இயலாது. தோள் தளர்ந்த முதியவருக்கும் நீர்மேற் செல்லும் ஆசை உண்டன்றோ?

மேலும், இது நேற்றுத் தோன்றிய விந்தையுமன்று. 1881-ம் வருஷத்திலேயே குஸ்தாவ் துரூவே என்பவர் பாரிஸ் நகரத்து ஸேன் நதியில் மின்சாரப் படகை ஓட்டிக் காட்டினார். 1934-ம் வருஷத்தில் வட டக்கோட்டாவைச் சேர்ந்த பார்கோ நகரில் ஷ்மிட் என்பவர், போர்ட் மோட்டார் வண்டியைக் கிளப்பும் சிறு மோட்டாரை எடுத்து, அதனுடன் தண்டையும் விசிறியையும் இணைத்து, ஓசையின்றி மெல்லச் செல்லும் மீன்பிடி மோட்டாரை உண்டாக்கினார்.

ஆனால், மோட்டார் வாங்குவோர் பலர் கணக்கை மறந்துவிடுகின்றனர். முழு விசையில் 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு, 100 ஆம்பியர்-மணி பாட்டரி இரண்டு மணி நேரம் வருமென்று காகிதம் சொல்லும். ஈய பாட்டரியைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே ஒரு மணி நேரமே நம்பத்தக்கது. அதன் எடையோ சுமார் 30 கிலோ. லித்தியம் பாட்டரி இதில் பாதிக்கும் குறைவு, விலை அதிகம்.

பெரிய மோட்டாரினால் பெரிய வேகம் வருமென்பதும் மயக்கமே. படகு தான் எழுப்பும் அலையிலேயே தான் அகப்பட்டுக்கொள்கிறது. 12 அடி நீளமுள்ள கயாக், மணிக்கு 5 மைலைத் தாண்டுவதற்குள் சக்தியெல்லாம் நீரைக் கலக்குவதிலேயே செலவாகிவிடும். வேகத்தைப் பாதியாக்கினாலோ, வேண்டிய சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிறது. அதே பாட்டரியில் சுமார் நான்கு மடங்கு தூரம் செல்லலாம். நிதானமே இங்கு லாபம்.

பாட்டரியைப் படகின் அடியில், தாழ்வாக, அசையாமல் கட்ட வேண்டும். அதனருகிலேயே பியூஸ் வைக்க வேண்டும். கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் நடு ஏரியில் தீ மூளும். மிதவைச் சட்டையைக் கழற்றலாகாது.

இவை யாவற்றினும் முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. காற்றுக்கு இசைவாகச் செல்லும்பொழுது மோட்டாரின் பலமும் நம் பலம்போலவே தோன்றும். திரும்பும்பொழுது காற்று எதிர்க்கும், பாட்டரியும் தளர்ந்திருக்கும். அச்சமயம் துடுப்பைக் கரையில் விட்டுவந்தவன் கதி என்ன?

ஆதலின், மோட்டார் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று கேட்பதற்கு முன், நம் கரங்கள் எவ்வளவு தூரம் திருப்பிக் கொண்டுவரும் என்று கேட்பதே விவேகம். அந்த எல்லைக்குள் யந்திரம் நல்ல ஊழியன். அதைத் தாண்டினால் அதுவே எஜமானன். அதுவும், பாதி வழியில் கைவிடும் எஜமானன்.