மனச்சோர்வும் மூளைப் படமும்

சோமனூர் விசைத்தறிக் கூடத்தில் நெய்த துணியில் குறை தென்பட்டால், நெசவாளர் உடனே ஒன்றையே காரணமாகச் சொல்லிவிடுவதில்லை. பாவு, ஊடை, நாடா, அச்சு என ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். மனச்சோர்வு நோயின் காரணத்தைத் தேடும் அறிவியலும் இன்று அவ்வாறே நடைபோடுகிறது.

நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களுள் ஒன்று செரோடோனின். இதன் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்னும் கருத்து 1960களில் வலுப்பெற்றது. உயிருள்ள மனிதரின் மூளையில் அதனைக் கண்டறிய உதவுவது பெட் ஸ்கேன். சிறிதளவு கதிரியக்கம் உடைய தடங்காட்டிப் பொருளைக் குருதியில் செலுத்துவர். அது செரோடோனின் ஏற்பிகளில் சென்று ஒட்டும். செரோடோனின் மிகுதியாகச் சுரந்தால், ஒட்டும் தடங்காட்டியின் அளவு குறையும். அம்மாற்றத்தைக் கருவி படமாக்கும்.

2022இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், மனச்சோர்வுற்ற 17 பேரையும் நலமுடைய 20 பேரையும் இம்முறையில் ஒப்பிட்டனர். சுரப்பைத் தூண்டும் மருந்து அளித்தபோது, சோர்வுற்றோரிடம் செரோடோனின் குறைவாகவே வெளிப்பட்டது. அதே ஆண்டில் ஜோனா மான்கிரிஃப் குழுவினர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, செரோடோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றனர். மரபு, உடல்நோய், இழப்பு, கடன்சுமை ஆகியவற்றுக்கும் இந்நோயில் பங்குண்டு.

காரணம் முழுமையாகத் தெளிவாகவில்லை என்பதால் நோய் பொய்யாகிவிடாது. இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வைச் சோம்பல் என்று பழிப்பது தவறு. மனநல மருத்துவரின் ஆலோசனையும் மருந்தும் பலருக்கு நலம் தருகின்றன; அம்மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். துன்பத்தை வாய்விட்டுச் சொல்வதே நலத்தின் முதற்படி.