பழைய அடுக்குமாடி இடிபட்டால் புது வீடு யாருக்கு?

கோலாலம்பூர்: பழைய அடுக்குமாடியை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிய வீடுகள் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தால், முதலில் கைக்கு வருவது வண்ணப்படம்தான். நீச்சல் குளம், இரண்டு மின்தூக்கி, கார் நிறுத்துமிடம் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இப்போது குடியிருக்கும் வீட்டில் நாம் எந்த உரிமையில் இருக்கிறோம்? புது வீடு கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அதைப் பொறுத்துதான்.

நகர்ப்புற மறுமேம்பாட்டு மசோதாவை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சர் ங்கா கோர் மிங் 2025 ஆகஸ்டு 21ஆம் தேதி மக்களவையில் தாக்கல் செய்தபோது இந்த விவகாரம் சூடு பிடித்தது. அந்த மாத இறுதியில் நடக்கவிருந்த இரண்டாம் வாசிப்பு தள்ளி வைக்கப்பட்டது. தலைநகரில் மட்டும் 139 இடங்கள் மறுமேம்பாட்டிற்கு ஏற்றவை என அமைச்சு அடையாளம் கண்டிருந்தது. மசோதாவின் கதி எதுவானாலும், அது கிளப்பிய கேள்விகள் பழைய அடுக்குமாடிகளில் வாழ்வோரை விட்டுப் போகப் போவதில்லை. கட்டடங்களுக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

1985ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா பட்டாச் சட்டத்தின்படி, அடுக்குமாடியின் தனித்தனிப் பட்டாக்களை ரத்து செய்து நிலத்தை ஒன்றாக்க வேண்டுமானால் உரிமையாளர்கள் அனைவரும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். 200 வீடுகள் கொண்ட கட்டடத்தில் 199 பேர் கையெழுத்திட்டு ஒருவர் மறுத்தாலும் கதை முடிந்தது. அந்த ஒருவர் வெளிநாட்டில் இருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். இதற்கிடையே மின்தூக்கி பழுதாகும், தண்ணீர்க் குழாய் ஒழுகும், பராமரிப்புக் கட்டணம் செலுத்துவோர் குறைவார்கள். இந்த முட்டுக்கட்டையை நீக்குவதற்காகத்தான் மசோதா என்பது அரசாங்கத்தின் வாதம்.

மசோதாவில் கூறப்பட்ட அளவு இதுதான்: 30 வருடத்திற்கு உட்பட்ட கட்டடமானால் 80 விழுக்காட்டு உரிமையாளர்களின் சம்மதம் போதும். 30 வருடத்தைத் தாண்டியிருந்தால் 75 விழுக்காடு. கைவிடப்பட்ட அல்லது பாதுகாப்பற்றது என உறுதி செய்யப்பட்ட கட்டடத்திற்கு 51 விழுக்காடு. அதே 200 வீடுகளைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் முறையே 160, 150, 102 வீடுகள். கடைசிக் கணக்கில் 98 வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றாலும் திட்டம் நகரும். எதிர்ப்புக் குரல்கள் எழுந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். சொத்தை எடுத்தால் போதிய இழப்பீடு தர வேண்டும் என்று கூட்டரசு அரசமைப்பின் 13ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால், 'போதிய' என்பது எவ்வளவு என்பதில்தான் சண்டையே.

நல்லபடியாக நடந்த உதாரணமும் உண்டு. சுங்கை பீசி சாலையில் 1960களில் கட்டப்பட்ட ரசாக் மேன்சனில் 658 வீடுகள் இருந்தன. பழைய கட்டடத்தில் மக்கள் இருக்கும்போதே பக்கத்தில் புதிய கட்டடம் எழுப்பப்பட்டு, அதன் பிறகே அவர்கள் அங்கு மாறினர். இடைக்காலத்தில் வாடகை வீடு தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளின் பள்ளியும் மாறவில்லை. இப்படிப் பக்கத்தில் காலி நிலம் எல்லா இடத்திலும் கிடைக்காது. அது இல்லாத இடத்தில் குடும்பங்கள் சில வருடங்களுக்கு வேறு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும்.

ஆகவே, உரிமையாளர் கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை சில. கட்டி முடியும்வரை வாடகையை யார் கட்டுவது, எத்தனை மாதத்திற்கு? மேம்பாட்டு நிறுவனம் பாதியில் நின்றுபோனால் என்ன உத்தரவாதம்? வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் வங்கி என்ன சொல்கிறது? புது வீட்டின் மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கடனை அடைத்துவிட்டு ஓய்வுக்காலத்தில் இருக்கும் ஒருவருக்கு, இலவசமாகக் கிடைத்த பெரிய வீட்டின் கட்டணமே சுமையாகிவிடும்.

அடுத்தது நம் குடும்பங்களில் அதிகம் காணப்படும் சிக்கல். வீடு அப்பா பெயரில் இருக்கும். அப்பா இறந்து பத்து வருடம் ஆகியிருக்கும். அம்மா அங்கேயே குடியிருப்பார். மூத்தவர் வரி கட்டுவார். பெயர் மட்டும் மாறியிருக்காது. 'யார் கேட்கப் போகிறார்கள்' என்று விட்டுவிடுவார்கள். மறுமேம்பாடு வரும்போது கேட்பார்கள். பட்டாவில் பெயர் இல்லாதவரின் கையெழுத்துச் செல்லாது. இழப்பீடும் அவர் பெயரில் வராது. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை, 1955ஆம் ஆண்டு சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின் கீழ் மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். வாரிசுகள் அனைவரும் விசாரணைக்கு வர வேண்டியிருக்கும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இருக்கும்போதே இதை முடித்துக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னது உரிமையாளர்களைப் பற்றி. வாடகைக்கு இருப்பவர் இந்த விழுக்காட்டுக் கணக்கில் எங்குமே இல்லை. இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தாலும் வாக்கு வீட்டுக்காரருக்குத்தான். டிபிகேஎல் எனப்படும் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் மக்கள் வீடமைப்புத் திட்டமான பிபிஆர் வீடுகளில் மாதம் 124 ரிங்கிட்டிற்குக் குடியிருப்போருக்கு வீட்டுக்காரர் மாநகர் மன்றமே. அங்கே வாடகை பாக்கி இல்லாமல் இருப்பதும், குடியிருப்பவர் பெயரே ஒப்பந்தத்தில் இருப்பதும் மாற்று வீடு கேட்கும்போது கைகொடுக்கும்.

1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் இன்னொரு வரி உள்ளது. இழப்பீடு கோரும் உரிமையுள்ளோர் யார் என்று விளக்கும் இடத்தில், நில உரிமையாளர் விரும்பும்வரை மட்டும் தங்கியிருப்பவர் அதில் சேர மாட்டார் என்கிறது அது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வரி புரியும். லயத்து வீடு வேலையோடு வந்தது; வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை பால் மரம் வெட்டியிருந்தாலும் கையில் பட்டா இல்லை.

இதற்குத் தலைநகருக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியை ஒட்டியிருந்த புக்கிட் கியாரா தோட்டத்தின் நிலம் அரசாங்கத்தின் கைக்குச் சென்றபோது, 1982இல் அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் ரூமா பாஞ்சாங் எனப்படும் நீண்ட வரிசை வீடுகளுக்கு மாற்றப்பட்டன. தற்காலிகம் என்றார்கள்; நிரந்தர வீடு வரும் என்றார்கள். அங்கே பிறந்த குழந்தைகள் கல்யாணம் முடித்துப் பேரன் பேத்தி எடுக்கும் வயதை எட்டியும் குடும்பங்கள் அதே வரிசை வீடுகளில்தான் இருந்தன.

2017 ஜூலையில் மாநகர் மன்றம் ஒரு மேம்பாட்டு உத்தரவை வழங்கியது. தாமான் ரிம்பா கியாரா பூங்காவின் 25 ஏக்கரில் ஏறக்குறைய 12 ஏக்கரில் எட்டு சொகுசு அடுக்குமாடிக் கட்டடங்கள். அவற்றோடு 29 மாடிகளில் 350 கட்டுப்படி விலை வீடுகள். தோட்டக் குடும்பங்களுக்கான வீடு இந்தக் கடைசிக் கட்டடத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. பூங்கா பறிபோவதை எதிர்த்துச் சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றாலும், 2021 ஜனவரியில் மேல் முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர். 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்து, உத்தரவு செல்லாது என்றது.

பூங்காவைக் காத்தவர்கள் மேல் குற்றமில்லை. பொது நிலம் தனியார் கைக்குப் போவதைத் தட்டிக் கேட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் வரிசை வீட்டுக் குடும்பங்கள் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாத நிலையில் மாட்டிக்கொண்டன. திட்டம் வென்றால் அக்கம்பக்கத்தாரின் பகை. தோற்றால் வீடு இல்லை. பூங்காவைத் தொடாமல், அவர்கள் இருந்த இடத்திலேயே வீடு கட்டிக் கொடுத்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது என்ற பேச்சு அப்போதே இருந்தது. தீர்ப்புக்குப் பிறகு அவர்களுக்கான வீட்டிற்கு மறுபடியும் புதிதாகத் திட்டம் வரைய வேண்டியதாயிற்று.

இன்றும் தோட்ட வீடுகளிலும் தற்காலிகக் குடியிருப்புகளிலும் இருப்போருக்கு மாற்று வீடு என்று நிர்வாகமோ அரசியல்வாதியோ மேடையில் சொன்னால், அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எந்த லாட், எத்தனை சதுர அடி, யார் பெயரில், இலவசமா விலைக்கா, எந்தத் தேதிக்குள் என்ற ஐந்தும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திடும் முன் படித்துக்காட்ட ஆள் இல்லாதவர்கள், வழக்கறிஞர் மன்றம் மாநிலந்தோறும் நடத்தும் சட்ட உதவி மையங்களை அணுகலாம். பழைய சம்பளச் சீட்டு, தோட்ட அடையாள அட்டை, மின்கட்டண ரசீது எதையும் தூக்கிப் போட வேண்டாம். எத்தனை வருடம் அங்கே குடியிருந்தோம் என்பதைக் காட்ட, பட்டா இல்லாதவர் கையில் இருக்கும் காகிதம் அதுதான்.