தாழ்ந்த வண்டியும் வில்லின் விதியும்



மோட்டார் வண்டியின் உடலைத் தரையை நோக்கித் தாழ்த்திக்கொள்ளும் விருப்பம் பல நாட்டு இளைஞரிடமும் உண்டு. அழகு கருதிச் செய்வோரும் உளர். வளைவுகளில் வண்டி சாயாதிருத்தல் கருதிச் செய்வோரும் உளர். கைப்பொருள் குறைந்தவர் இதனை எவ்வாறு செய்தனர், அதனால் எதைப் பெற்றனர், எதை இழந்தனர் என்று ஆராய்வோமாயின், வகுப்பறையில் கற்கும் பௌதிகம் வீதியில் நடமாடக் காணலாம்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை எடுத்துக்கொள்வோம். 1940-களில் அங்கு வாழ்ந்த மெக்சிக்க வழியினரான இளைஞர்கள் பழைய செவர்லே வண்டிகளை வாங்கிச் செப்பனிட்டனர். விரைந்து ஓடுவது அவர்கள் நோக்கமன்று. தாழ்ந்து, மெல்ல, ஊரார் காண உலா வருவதே நோக்கம். புது வண்டி வாங்க இயலாதவர், தம் கைத்திறத்தால் பழைய வண்டிக்குப் பெருமை தேடினர்.

அவர்கள் கண்ட எளிய வழி, வண்டியின் பின்புறத்தில் மணல் மூட்டைகளை ஏற்றுவது. வில்லின் சுருக்கம் அதன்மீது செயற்படும் விசைக்கு நேர் விகிதத்தில் அமையும் என்பது ராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டில் விளக்கிய விதி. சுமை கூடினால் வில் அழுந்தும்; வண்டி தாழும். மூட்டைகளை இறக்கினால் பழைய நிலை மீளும். செலவு மிகச் சிறிது. ஆயினும், அச்சுமையை எந்நேரமும் இழுத்துச் செல்லவேண்டும். தடை போடும்போது அதனையும் சேர்த்தே நிறுத்தவேண்டும்.

மற்றொரு வழி, சுருள்வில்லில் ஒரு சுற்றை அறுத்தெறிவது. பல்லாண்டுகள் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டிய பழக்கத்தால், இதனையும் எண்களால் விளக்க விரும்புகிறேன். 40 செ.மீ. நீளமுள்ள வில் ஒன்றில் 8 சுற்றுகள் உள்ளன என்க. அதனை 1 செ.மீ. அழுத்த 35 கிலோ எடை வேண்டும். 420 கிலோ சுமையின்கீழ் அது 12 செ.மீ. அழுந்தி 28 செ.மீ. உயரத்தில் நிற்கும். ஒரு சுற்றை அறுத்தபின் நீளம் 35 செ.மீ.; எஞ்சிய சுற்றுகள் 7. சுற்று குறையக் குறைய வில் விறைக்குமாதலால், இப்போது 1 செ.மீ. அழுத்த 40 கிலோ தேவை. ஆகவே அது 10.5 செ.மீ. மட்டுமே அழுந்தி 24.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். அறுத்தது 5 செ.மீ.; வில் தாழ்ந்ததோ 3.5 செ.மீ.

வில் விறைத்தது ஒருவகையில் நன்மையே. தாழ்ந்த வண்டியில், பள்ளத்தில் விழும்போது அழுந்துவதற்குரிய இடம் குறைந்துவிடுகிறது. மென்மையான வில்லானால் வண்டி ரப்பர்த் தடுப்பின்மீது மோதும். ஆனால், பழைய வில்லுக்கென அமைந்த அதிர்ச்சி தாங்கி புதிய விறைப்பை அடக்கமாட்டாது துள்ளவிடும். சக்கரங்களின் சாய்வுக் கோணமும் மாறி, டயர் ஒருபுறமாகத் தேயும். கோணத்தைச் சரிசெய்யும் கூலியைச் சேர்க்காத சிக்கனக் கணக்கு, கணக்கே அன்று.

மிகத் தீய வழி, வில்லை வண்டியிலிருந்து கழற்றாமலே வாயுச் சுடரால் பழுக்கக் காய்ச்சுவது. எஃகை எண்ணெயில் தோய்த்து, பின் அளவாகச் சூடேற்றி ஏற்றிய பதம் அதனால் கெட்டுவிடும். வில் ஒரே இடத்தில் துவண்டு அமரும். எவ்வளவு தாழும் என்பதும் நம் கையில் இல்லை. பின்னொரு நாள் முறிந்தால், துன்பம் ஓட்டுபவரோடு நில்லாது, எதிரே வருவோரையும் சேரும்.

சக்கர விளிம்பினும் தாழ்வாக வண்டியின் எப்பகுதியும் இருத்தலாகாது எனக் கலிபோர்னியா அரசு 1950-களின் இறுதியில் தடை விதித்தது. 1959-இல் ரான் அகிர்ரே என்னும் இளைஞர் விமானக் கருவிகளிலிருந்து பெற்ற எண்ணெய் அழுத்தப் பம்புகளைத் தம் கார்வெட் வண்டியில் பொருத்தி, வேண்டும்போது உயரவும் தாழவும் செய்தார். அத்தடை 2024-ஆம் ஆண்டு சனவரி முதல் நீக்கப்பட்டது.

ஆகவே மாணவர்களே, பொருள் குறைவு இழிவன்று. அது பல வேளைகளில் அறிவைக் கூர்மையாக்கும். ஆனால் மலிவான வழிகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. மணல் மூட்டையை இறக்கிவிடலாம். அறுத்த சுற்றை ஒட்டவைக்க இயலாது. கெட்ட பதத்தையோ கண்ணால் காணவும் இயலாது. தவறினால் திருத்திக்கொள்ள இடமுள்ள வழி எது என்று முதலில் கேளுங்கள். விலையைப் பின்னர்க் கேட்கலாம்.